புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு விம் தேவையா?

சுழியன்:
கொழும்பில் ஐடி வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் முதல் மாதமே விம் (மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே ஓட்டுகிற எடிட்டர்) பழக வேண்டும் என்கிறார் வெள்ளவத்தை அண்ணா. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. விஎஸ் கோட் என்ற எடிட்டரில் கண்ட்ரோல் பி அடித்தால் கோப்பு, கண்ட்ரோல் ஜி அடித்தால் வரி எண், எஃப்12 அடித்தால் ஃபங்ஷன் எழுதிய இடம். மவுஸைத் தொடாமலே நாள் முழுக்க வேலை செய்யலாம். ஜாவாவே இன்னும் பிடிபடாதவர்களுக்கு, விம்மில் கர்சரை நகர்த்துகிற எச், ஜே, கே, எல் விசைகள் வேறா?

வெள்ளவத்தை அண்ணா:
தம்பி, நீங்கள் சொன்ன விசைகள் நல்லவைதான். ஆனால் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் கட்டளை அடிக்க உதவும் இணைப்பு) வழியாகச் சர்வருக்குள் போனால் அநேகமாக அங்கே இருப்பது விஐ, அதாவது விம்முக்கு முன்னோடியான எடிட்டர். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாத நாட்களில் போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். அந்த மெதுவான இணைப்பில் அம்பு விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் கர்சர் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. 40 அடித்து ஜே அடித்தால் நாற்பது வரி ஒரே தாவல். பில் ஜாய் 1976இல் விஐ எழுதியபோது மிக மெதுவான 300 பாட் மோடத்திலும் அது ஓட வேண்டியிருந்தது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற திரையும் விசைப்பலகையும் கொண்ட டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிது. விம்மில் நகர்வும் செயலும் சேரும். டபிள்யூ அடுத்த சொல்லுக்குப் போகும், டி அழிக்கும். இரண்டையும் சேர்த்து அடித்தால் அந்தச் சொல் போய்விடும். டி-க்குப் பிறகு பெரிய எழுத்து ஜி அடித்தால் கோப்பின் கடைசி வரை அழியும். புதிதாக ஒரு நகர்வு பழகினால் தெரிந்த செயல் எல்லாவற்றோடும் அது வேலை செய்யும்.

நிலாமதி:
நான் செயலிகளின் தமிழ்ப் பகுதியைத் திருத்துகிறவள். தமிழில் தட்டச்சிட்டு, எஸ்கேப் அடித்து (எழுதுவதை விட்டுக் கட்டளைக்கு மாறி), ஜே அடித்தால் விசைப்பலகை இன்னும் தமிழில் இருக்கும். கர்சர் அசையாது. ஒவ்வொரு வரிக்கும் மொழியை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

வெள்ளவத்தை அண்ணா:
ஓம் தங்கச்சி, அது உண்மையான தொல்லை. விண்டோஸின் தமிழ் விசைப்பலகையை விட்டுவிட்டு விம்முக்குள் இருக்கும் கீமேப் (விசைகளுக்கு வேறு எழுத்துகளை ஒதுக்குகிற) வசதியில் தட்டச்சிட்டுப் பாருங்கள். எழுதும்போது மட்டும் தமிழ் வரும், எஸ்கேப் அடித்ததும் கட்டளைகள் வழக்கம்போல ஓடும்.

சுழியன்:
அதை அமைக்கவே ஒரு நாள் போய்விடும் அண்ணா. சர்வர் கோப்பையும் ரிமோட் எஸ்எஸ்எச் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) போட்டு விஎஸ் கோடிலேயே திறக்கலாமே.

வெள்ளவத்தை அண்ணா:
நினைவகம் குறைந்த சர்வரில் அந்த நீட்சி திணறும். சரி, கட்டாயப்படுத்த வேண்டாம். விம்டியூட்டர் அரை மணி நேரப் பாடம், அதை மட்டும் செய்யட்டும். சேமித்து வெளியேறவும் சேமிக்காமல் வெளியேறவும் தெரியாதவர்களிடம் சர்வர் கடவுச்சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சுழியன்:
அந்த அரை மணி நேரத்துக்குச் சம்மதம். எச், ஜே, கே, எல் அவரவர் விருப்பம்.