கண்டென்சருக்கு என்ன சொல்? ஜேம்ஸ் வாட்டின் பொறியை முன்வைத்து

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக, நீராவிப் பொறியைச் சீராக்கிய ஜேம்ஸ் வாட் பற்றி ஒரு சிறு நூல் எழுதிவருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கொதிகலன், காப்புரிமை, குதிரைத்திறன் எல்லாம் பழகிய சொற்கள், சிக்கல் இல்லை. அவர் பெயரை நிலைக்க வைத்த அந்த ஒரே உறுப்பில்தான் நின்றுவிட்டேன். உருளையிலிருந்து பிரித்து வைத்த கண்டென்சர், அதாவது வேலை முடிந்த ஆவியை மறுபடி நீராக்கும் கலம். போன வாரம் இங்கே கேட்டபோது நான்கு சொற்கள் வந்தன: குளிர்விப்பான், சுருக்கி, நீராக்கி, ஒடுக்கி. நான்கையும் வரைவில் போட்டு உரக்கப் படித்துப் பார்த்தேன். என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

> குளிர்விப்பான் என்றால் குழந்தைக்கும் புரியுமே, ஏன் தேட வேண்டும்?

புரியும். ஆனால் தப்பாகப் புரியும். வாட் கண்டுபிடித்ததையே அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொடுக்கும் வேலையில் இருந்தார் வாட். 1763-64 குளிர்காலத்தில் அதற்கு முன்பே வழக்கில் இருந்த நியூகோமன் நீராவிப் பொறியின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க அவர் கைக்கு வந்தது. உருளையின் குறுக்களவு 2 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 6 அங்குலம். ஒரு நீள டம்ளர் அளவு, அவ்வளவுதான். சரிசெய்து ஓட்டினால் பிஸ்டன் சில முறை ஏறி இறங்கியதுமே மூச்சு வாங்கி நின்றது. கொதிகலன் தரும் ஆவி போதவில்லை.

நியூகோமன் பொறியில் உருளைக்குள் ஆவி நிரம்பியதும் அதற்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். ஆவி நீராகிவிடும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அடுத்த முறை ஆவி வரும்போது உருளை சில்லென்று இருக்கும். வருகிற ஆவியில் பெரும்பகுதி அந்தச் சுவரைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துபோகும். 1712 முதல் சுரங்கங்களில் நீர் இறைத்த பொறிகள் எல்லாம் இப்படித்தான் நிலக்கரியைத் தின்றன.

எவ்வளவு ஆவி வீணாகிறது என்று அளக்கப் போனவருக்கு இன்னொரு வியப்பு காத்திருந்தது. கிணற்று நீரில் ஆவியைச் செலுத்தி அது கொதிக்கும் வரை சூடாக்கினார். அப்புறம் எடை போட்டால் நீரின் எடை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் கூடியிருந்தது. ஒரு பங்கு ஆவி ஆறு பங்கு குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது! இந்தப் புதிரோடு அதே பல்கலைக்கழகத்தில் இருந்த வேதியியலாளர் ஜோசப் பிளாக்கிடம் போனார். உள்ளுறை வெப்பம் என்று நாமும், மறைவெப்பம் என்று இலங்கையிலும் சொல்கிறோமே, அதை பிளாக் அப்போதே கண்டு மாணவர்களுக்குக் கற்பித்துவந்தார். (எனக்கு மறைவெப்பம்தான் பிடிக்கிறது. அந்த விவாதம் இன்னொரு நாளைக்கு.)

100 பாகையில் இருக்கும் ஒரு கிராம் ஆவி, அதே 100 பாகையில் நீராக மாறும்போதே 540 கலோரி வெப்பத்தை விட்டுவிடுகிறது. வெப்பநிலை ஒரு பாகைகூட இறங்கவில்லை. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால் வெந்நீர் பட்டதைவிட மோசமாகப் பொத்துப்போவது இதனால்தான். ஆக அங்கே நடக்கும் முக்கியமான காரியம் குளிர்வது அல்ல, ஆவி என்ற நிலை மாறுவது. காரின் ரேடியேட்டரும் குளிர்விக்கத்தான் செய்கிறது, அதில் எந்த ஆவியும் நீராவதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பிள்ளைகள் வாட்டையும் பிளாக்கையும் சேர்த்தே தவறவிடுவார்கள்.

நீராக்கி தண்ணீருக்கு மட்டும்தான் பொருந்தும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கருப்பாக ஒரு குழாய் வளைவு இருக்கிறதே, அதுவும் கண்டென்சர்தான். அதற்குள் நீர் இல்லை. சுருக்கி என்பது நம் பாடநூல்களின் 'ஆவி சுருங்குதல்' என்பதிலிருந்து வருவதால் மதிப்போடு எடுத்துப் பார்த்தேன். ஆனால் வாயு எதையும் அழுத்தினாலும் சுருங்கும். கம்ப்ரசரைத்தான் நினைக்க வைக்கிறது.

ஒடுக்கிக்கு வருகிறேன். இலங்கைப் பாடநூல்களில் நீர்ச் சுழற்சியில் 'ஒடுங்கல்' என்றே பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒடுங்குதல் என்பதில் இடம் குறைவதும் உண்டு, அடங்கிப்போவதும் உண்டு. கொதிநிலை ஆவி நீராகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு இடம் குறைகிறது. பிஸ்டனை இறக்குவதே அந்த வெற்றிடம்தான். இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தமிழ்நாட்டு வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரானது ஒடுக்கம், அதைச் செய்யும் பொருள் ஒடுக்கி. இலங்கையில் அதைத் தாழ்த்தல் என்பதால் அங்கே மோதல் இல்லை. இங்கே ஒரே மாணவி காலை வகுப்பில் ஒரு பொருளிலும் மாலை வகுப்பில் இன்னொரு பொருளிலும் அதைப் படிக்க நேரும். எனவே முன்னால் ஆவியைச் சேர்த்து 'ஆவியொடுக்கி' என்று சொல்லலாம். எந்தத் திரவத்தின் ஆவியானாலும் சரியாக இருக்கும், வேதியியலோடும் முட்டாது.

மின்விசிறி ஓடவில்லை என்றால் கடைக்காரர் 'கண்டென்சர் போயிடுச்சு' என்கிறாரே, அந்தக் குழப்பமும் தீரும். மின்சாரக் கருவிக்கு அந்தப் பெயரை 1782-இல் இத்தாலிய இயற்பியலாளர் வோல்ட்டா வைத்தார். பெயர் ஒன்று, பொருள் வேறு. நாம் அதற்கு மின்தேக்கி என்று தனியாகச் சொல் செய்துகொண்டது நல்ல வேலை.

மீதி இருப்பது 'பிரித்து வைத்த' என்ற அடை. நியூகோமன் பொறியில் உருளைக்குள்ளேயே ஒடுங்குகிறது, அது அகவொடுக்கம். வாட் அதை வெளியே கொண்டுபோனார், அது புறவொடுக்கம். ஆகவே 'புற ஆவியொடுக்கி' என்று முன்மொழிகிறேன். அகம், புறம் என்று இணையாக நிற்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

*

ஐயா, வணக்கம். அனல்மின் நிலையத்தில் 22 வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை.

ஆவியொடுக்கி எனக்குச் சம்மதம். டர்பைனுக்குக் கீழே ஒரு வீடு அளவுக்கு நிற்கும் கண்டென்சரை நினைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், பொருந்துகிறது. வேலைத்தளத்தில் கண்டென்சர் என்றுதான் சொல்வோம், அது இருக்கட்டும். கையேட்டில் இந்தச் சொல் இருந்தால் புதிதாக வரும் பையன் பெயரைப் படித்தே வேலையைப் புரிந்துகொள்வான்.

புற என்பதுதான் இடிக்கிறது. புறம் என்றால் பொறிக்கே வெளியே என்று படும். நீராவிப் பொறியை ஏற்கெனவே வெளியெரி பொறி என்கிறோம், நெருப்பு வெளியே எரிவதால். அதில் புற ஆவியொடுக்கி என்றும் வந்தால், கொதிகலன் மாதிரி இதுவும் எங்கோ தள்ளி இருப்பதாக நினைத்துவிடுவார்கள். வாட்டின் கண்டென்சர் பொறியின் ஓர் உறுப்புதானே? குளிர்நீர்த் தொட்டிக்குள் மூழ்கி இருக்கும், குழாய் வழியாக உருளையோடு சேர்ந்திருக்கும், உள்ளே சேரும் நீரையும் காற்றையும் இழுக்க ஒரு பம்பு இருக்கும். அது உருளையிலிருந்து தனி, பொறியிலிருந்து தனி இல்லை. எங்களுக்கு எல்லாக் கண்டென்சரும் தனியாகத்தான் இருக்கிறது என்பதால் அடையே வேண்டாம். வரலாறு சொல்லும் இடத்தில் மட்டும் 'தனி' போதும்.

*

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொல்வது சரி. அகம் புறம் என்ற இணையின் அழகில் மயங்கிவிட்டேன்.

1765-இல் வாட் செய்த முதல் சோதனையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உருளைக்குப் பதிலாக அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தும் பெரிய பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றை எடுத்துக்கொண்டார். குறுக்களவு 1¾ அங்குலம், நீளம் 10 அங்குலம். குளிர்நீரில் நிற்கும் சிறு தகரக் கலத்தோடு அதை இணைத்தார். ஆவி அந்தக் கலத்துக்குள் பாய்ந்து நீரானது, பீச்சாங்குழலின் தண்டில் தொங்கவிட்ட எடை மேலே ஏறியது, குழல் சூடாகவே இருந்தது. இரண்டும் குழாயால் சேர்ந்திருந்தும் ஒன்று சூடு, ஒன்று குளிர். 'தனி' என்ற சொல் இதைத்தான் சொல்கிறது, 'புற' சொல்லவில்லை.

வரைவில் அந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"உருளை எப்போதும் சூடாக இருக்க வேண்டும், ஆவி ஒடுங்கும் இடம் எப்போதும் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரே பாத்திரத்தில் இரண்டும் நடக்காது. எனவே வாட் இரண்டு பாத்திரங்கள் வைத்தார். இரண்டாவதன் பெயர் தனி ஆவியொடுக்கி. 1769-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1776 முதல் அது பொருத்திய பொறிகள் ஓடத் தொடங்கின. நியூகோமன் பொறியைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கை அவரும் கூட்டாளி மேத்யூ போல்ட்டனும் கட்டணமாக வாங்கினார்கள்."

யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் ஆவியொடுக்கி, தனி ஆவியொடுக்கி இரண்டையும் நம் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.