இடுப்பில் தெரியும் துப்பாக்கி: போலீஸ் நிறுத்தலாமா, கூடாதா?

ஃப்ரிஸ்கோவாசி:
டாலஸுக்குப் பக்கத்து ஃப்ரிஸ்கோவில், எங்கள் பக்கத்து மளிகைக் கடைக்கு ஒருவர் இடுப்பு உறையில் கைத்துப்பாக்கி பளிச்சென்று தெரிய வந்தார். யாரோ அவசர உதவி எண் 911க்கு போன் போட்டுவிட்டார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து இதற்கு லைசென்ஸ்கூட வேண்டாம் என்கிறார்கள். அப்படியென்றால் போலீஸ் ஏன் வந்தது? வந்த பிறகு ஏன் சும்மா போனது?

கொங்குமைந்தன்:
வந்து பேசலாம் சகோ, பிடித்து வைக்கக் கூடாது. பிடித்து வைக்க வேண்டுமென்றால், அந்த ஆள் குற்றம் செய்கிறான் அல்லது செய்யப் போகிறான் என்று சந்தேகிக்க ஒரு காரணத்தைப் போலீஸ் சொல்லியாக வேண்டும். 1968ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன டெர்ரி வழக்கிலிருந்து அதுதான் அளவுகோல். உறையில் துப்பாக்கி வைத்து நடப்பது சட்டப்படி சரி என்கிற மாநிலத்தில், துப்பாக்கி இருக்கிறது என்பதே எப்படிக் காரணமாகும்?

ஓஹையோவின் டொலிடோவில் 2010ல் நடந்ததைப் பாருங்கள். ஒருவர் மனைவி, மகள், பேரன், நாயோடு தெருவில் நடந்து போகிறார். இடுப்பில் துப்பாக்கி, கையில் செல்போன். பைக்கில் வந்தவர் ஒருவர் தகராறு செய்துவிட்டு 911ஐ அழைத்தார். வந்த அதிகாரி துப்பாக்கியைப் பறித்து, விலங்கு மாட்டி, அரை மணி நேரம் காரில் உட்கார வைத்தார். 2015ல் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஓஹையோ, டென்னசி உள்ளிட்ட மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம்), அவர் போட்ட வழக்கிலிருந்து அந்த அதிகாரிக்குச் சட்டப் பாதுகாப்பு தர மறுத்துவிட்டது.

இன்னொன்று. டெக்சஸில் நடந்து போகிறவர், கைதாகாத வரை பெயர் சொல்ல மறுப்பது குற்றமல்ல. ஆனால் போலீஸ் முறைப்படி நிறுத்தி வைத்திருக்கும்போது பொய்ப் பெயர் சொன்னால் குற்றம்.

ஈரிக்கரைக்காரி:
டொலிடோக்காரர் வழக்குப் போட உயிரோடு இருந்தார். அதே ஓஹையோவில், 2014 ஆகஸ்டில், பீவர்க்ரீக் வால்மார்ட்டில் 22 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர், கடை அலமாரியில் விற்பனைக்கு இருந்த ஏர் ரைஃபிளை (காற்றழுத்தத்தால் சுடும் நீளத் துப்பாக்கி) கையில் எடுத்துக்கொண்டு, செல்போனில் பேசியபடி நடந்துகொண்டிருந்தார். ஆட்களைக் குறிபார்க்கிறான் என்று ஒருவர் 911ல் சொன்னார். போலீஸ் அவரைப் பார்த்த சில நொடிகளில் சுட்டுக் கொன்றுவிட்டது. அது நிஜத் துப்பாக்கியாகவே இருந்திருந்தாலும், ஓஹையோ சட்டப்படி வெளியே தெரிய வைத்திருக்கலாமே! வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, சுட்டவர்மீது குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. நீங்கள் சொல்லும் உரிமை அவருக்கு எங்கே போயிற்று?

உங்கள் டாலஸிலேயே 2016 ஜூலை 7 அன்று ஐந்து போலீஸார் கொல்லப்பட்ட இரவு, ஊர்வலத்தில் ரைஃபிள் மாட்டி வந்திருந்த ஒரு கறுப்பினத்தவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீஸே ட்விட்டரில் போட்டது. அவர் தானாகவே துப்பாக்கியை ஒரு போலீஸ்காரரிடம் ஒப்படைத்தார். அவருக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டத்தில் பலர் ரைஃபிளோடு நிற்கும்போது சுடுகிறவன் யார், சும்மா நிற்கிறவன் யார் என்று தெரியவில்லை என அப்போதைய போலீஸ் தலைவர் டேவிட் பிரவுனே சொன்னார்.

கொங்குமைந்தன்:
பீவர்க்ரீக்கில் நடந்தது அநியாயம்தான், அம்மா. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அதற்குத் தீர்வு உரிமையைப் பறிப்பதா? 1967ல் கலிஃபோர்னியா அதைத்தான் செய்தது. ஓக்லாந்தில் பிளாக் பாந்தர்கள் என்ற கறுப்பின உரிமை இயக்கத்தினர் துப்பாக்கியோடு போலீஸ் ரோந்தைப் பின்தொடர்ந்து கண்காணித்தார்கள்; உடனே குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடக்கக் கூடாது என்று மல்ஃபோர்டு சட்டம் வந்தது, கவர்னர் ரீகன் கையெழுத்துப் போட்டார். தடை போட்டபோதும் அடி யாருக்கு விழுந்தது?

சட்டம்படிப்பவன்:
டொலிடோ தீர்ப்பை இருவருமே பெரிதாக்குகிறீர்கள். வழக்குப் போட்டவர் சொன்னதை உண்மை என்று வைத்துக்கொண்டால் அதிகாரிக்குப் பாதுகாப்பு கிடையாது, விசாரணை நடக்கட்டும் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அதே ஆறாவது சர்க்யூட் 2012ல் டென்னசி வழக்கில் போலீஸ் பக்கம் நின்றது. நாஷ்வில் ராட்னர் ஏரிப் பூங்காவில் ஒருவர் ராணுவப் பாணி உடையில், ஏகே-47 வகைப் பிஸ்டலைத் தோளில் மாட்டி நடந்தார். குழல் நுனியில் ஆரஞ்சு பெயின்ட் வேறு. பொம்மைத் துப்பாக்கிக்குத்தான் வழக்கமாக அந்த நிறம் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது சரியே என்று தீர்ப்பு. ஆக, துப்பாக்கி மட்டும் போதாது. கூட என்ன இருக்கிறது என்பதுதான் வழக்கை முடிவு செய்கிறது. எந்த மாநிலம், எந்த நீதிமன்றம் என்பதும் முக்கியம்.

ஈரிக்கரைக்காரி:
"கூட என்ன இருக்கிறது" என்பதை யார் தெருவில் நின்று எடை போடுவது? கொலராடோ ஸ்பிரிங்ஸில் 2015 அக்டோபர் 31 அன்று, ரைஃபிளோடு ஒருவன் திரிகிறான் என்று ஒரு பெண் 911ஐ அழைத்தார். இங்கே வெளியே தெரிய வைத்திருக்கலாம் என்று போனை எடுத்தவர் அவருக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தார். சற்று நேரத்தில் அந்த ஆள் மூன்று பேரைக் கொன்றான்.

கொங்குமைந்தன்:
அவன் பெட்ரோல் கேனும் வைத்திருந்தான், ஒரு கட்டடத்துக்குள் நுழையப் பார்த்தான், அதையும் அந்தப் பெண் சொன்னார். சந்தேகப்பட அது போதும். போலீஸ் கையைச் சட்டம் கட்டவில்லை. 911 போனை எடுத்துப் பேசியவர் சரியாகக் கேட்கவில்லை.

ஈரிக்கரைக்காரி:
கேட்காததற்குக் காரணமே அந்தச் சட்டம்தான். ரைஃபிளோடு ஆள் நடப்பது சகஜம் என்று ஆக்கிவிட்டால், போனை எடுப்பவருக்கு எது அவசரம், எது இல்லை என்று எப்படித் தெரியும்? இதற்கு மட்டும் நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

ஃப்ரிஸ்கோவாசி:
நடுவில் ஒரு சந்தேகம். நான் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறேன். பாதுகாப்புக்கு நீயும் ஒன்று வாங்கேன் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார்.

சட்டம்படிப்பவன்:
வாங்காதீர்கள். எச்1பி, மாணவர் விசா மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி ஒருசில விலக்குகள் மட்டும் உண்டு. லைசென்ஸ் வேண்டாம் என்கிற டெக்சஸ் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. மளிகைக் கடைக்குத் துப்பாக்கியோடு வந்தவரிடம் நாலு வார்த்தையோடு போன போலீஸ், உங்கள் விசாவைப் பார்த்தால் அப்படிப் போகாது. கிரீன் கார்டு வந்த பிறகு யோசியுங்கள்.

கொங்குமைந்தன்:
அவர் சொல்வது சரி, நானும் கிரீன் கார்டு வரும்வரை தொடவில்லை. அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில்: உறையில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று போனை எடுத்ததும் முதலில் கேட்கட்டும். டெக்சஸ் சட்டமே வெளியே தெரியும் கைத்துப்பாக்கி உறையில் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஈரிக்கரைக்காரி:
கைத்துப்பாக்கிக்குத்தானே உறை? நான் கேட்டது ரைஃபிளைப் பற்றி.