புது ரேஸிங் கேம் வருவதற்குள் எந்த ஸ்டியரிங் வீல்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வணக்கம். ஃபோர்சா ஹொரைசன் 6 ஜப்பானில் நடக்கப் போகிறது என்று 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எக்ஸ்பாக்ஸுக்கும் பிசிக்கும் முதலில், பிளேஸ்டேஷன் 5-க்கு அப்புறம் என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் இருப்பது பிஎஸ்5. காத்திருக்கும் நாளில் ஒரு வீல் வாங்கிக் கையைப் பழக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த வீல் என்பதில்தான் மனம் நிலைகொள்ளவில்லை.

இதுவரை எனக்கு எல்லாமே கண்ட்ரோலர்தான். 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 வந்ததும் வாங்கி, லைசன்ஸ் தேர்வுகளை எல்லாம் கட்டைவிரலாலேயே முடித்தவன். போன மாதம் அத்தான் தன்னுடைய லாஜிடெக் ஜி29 வீலை இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். உள்ளே மோட்டார் உண்டு, கார் ஓடுவதற்கு ஏற்ப அது கையை எதிர்த்துத் தள்ளும். அந்த இரண்டு வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ராத்திரி நேராக ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே ட்ராக்குக்குப் போனேன். ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர். கண்ட்ரோலரில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற ட்ராக் அது. வீலில் ஹாட்ஸன்பாக் வளைவுகளைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை புல்லில் கிடந்தேன். கட்டைவிரலை நகர்த்தினால் கார் உடனே திரும்பும். அதற்குப் பழகிய மூளை, 900 டிகிரி சுற்றுகிற வீலைக் கொஞ்சமாகத் திருப்பிவிட்டு, ஏன் கார் திரும்பவில்லை என்று திகைக்கிறது. பயந்துபோய் நிறையத் திருப்பினால் பின்பக்கம் சறுக்குகிறது. மறுநாள் தோள்பட்டை இரண்டும் வலி. எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான்காம் நாள் அதே ட்ராக்கின் ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். மேட்டின் உச்சியில் கார் லேசாகும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று அந்த லேசு என் கைக்கு வந்தது. அதுவரை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்த வீல் சட்டென்று எடையில்லாமல் போனது. முன் டயர்கள் ரோட்டை விடுகின்றன என்று டிவியில் தெரிவதற்கு முன்னாலேயே கை சொல்லிவிட்டது. நான் ஒன்றும் செய்யாமல் வீலை நேராகப் பிடித்திருந்தேன். கார் இறங்கியது, எடை திரும்பி வந்தது, அப்புறம் வளைந்தேன். அந்த ஒரு நொடிக்காகவே வீல் வாங்கலாம் என்று தோன்றிவிட்டது.

குறை என்றால், இது பல்சக்கரத்தில் இயங்குகிற வீல். கர்பில் (ட்ராக் ஓரத்து மேடு) ஏறினால் கடகடவென்று சத்தம் வருகிறது. ராத்திரி அம்மா அறைக் கதவைத் தட்டி என்ன உடைகிறது என்று கேட்டார். வீல் நேராக இருக்கும்போது நடுவில் ஒரு சிறு தொய்வு இருக்கிறது, நீண்ட நேர்ச்சாலையில் அது தெரியும்.

அப்புறம் ஹொரைசன் 5-ஐப் போட்டேன் (பிஎஸ்5-க்கு அது 2025 ஏப்ரலில்தான் வந்தது). அங்கே கதை வேறு. செட்டிங்கில் சென்டர் ஸ்பிரிங் என்று ஒன்று வீலை எப்போதும் நடுவுக்கு இழுத்துக்கொண்டே இருந்தது. அதைக் குறைத்த பிறகுதான் டயர் சொல்வது கைக்குக் கேட்டது. எதிரே வண்டி வரும்போது ஒதுங்க, கையின் வேகம் போதவில்லை.

ஜி29 மாதிரியே ஒன்று வாங்கிவிடலாமா, திரஸ்ட்மாஸ்டர் டி300 போன்ற, மோட்டார் பெல்ட் வழியாகச் சுற்றுகிற வீலா, ஒரேயடியாக மோட்டாரிலேயே நேராக வீல் மாட்டியிருக்கும் டைரக்ட் டிரைவா? விவரப் பட்டியல் எல்லாம் படித்தாயிற்று. உங்கள் கை என்ன சொன்னது என்று சொல்லுங்கள்.

---

தம்பி, காத்திருப்பு எனக்கும் பழக்கம்தான். கிரான் டூரிஸ்மோ 5-ஐ 2010 நவம்பர் 2 என்றார்கள், அப்புறம் தள்ளிப்போய் 24-ஆம் தேதி வந்தது. வீலை அதற்கு முன்னாலேயே வாங்கிவிட்டேன். புது கேம் இல்லாமல் வீல் மட்டும் வீட்டில் இருந்த அந்த நாட்களில், அதற்கு முன்னோட்டமாக வந்த ஜிடி5 ப்ரோலாக்கையே திரும்பத் திரும்ப ஓட்டினேன். கேம் வந்த அன்று ட்ராக் புதிது, கார்கள் புதிது, கை மட்டும் பழையது. அந்த சுகம் இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே கேம் வரட்டும் என்று வீலை ஒத்திப்போடாமல் முன்னாலேயே பழகுவது நல்லதுதான்.

ஆனால் அதே வீல் எனக்குக் கற்றுக்கொடுத்த இன்னொன்றும் உண்டு. சில வருஷம் கழித்து அடுத்த தலைமுறை கன்சோல் வாங்கினேன். வீலைச் செருகியதும் விளக்கு எரிந்தது. வீல் தானாக இடமும் வலமும் ஒரு சுற்றுச் சுற்றி நடுவில் வந்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். திரையில் மட்டும் ஒன்றுமே நடக்கவில்லை. வேறு போர்ட்டில் செருகினேன், கேபிளைத் துடைத்தேன், கன்சோலை அணைத்துப் போட்டேன். பாதி ராத்திரி வரை இதே வேலை. வீலில் பழுதே இல்லை. கன்சோலுக்கு அது யாரென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிசியில் டிரைவர் மென்பொருள் போட்டால் பெரும்பாலும் எந்த வீலும் ஓடிவிடும். கன்சோல் அப்படி இல்லை. செருகியதும் வீலுக்குள் இருக்கும் சிப்பிடம் அடையாளம் கேட்கும். உரிமம் பெற்ற சிப் இல்லையென்றால் உள்ளே விடாது. அதனால்தான் ஜி29 பிளேஸ்டேஷனுக்கு, கிட்டத்தட்ட அதே வீல் ஜி920 என்ற பெயரில் எக்ஸ்பாக்ஸுக்கு. ஜி923 பெயர் ஒன்றுதான், ஆனால் அதிலும் இரண்டு கன்சோலுக்கும் தனித்தனி மாடல். பெட்டியில் எந்தக் கன்சோலின் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் கை வைக்காதே.

ஹொரைசன் 6 இரண்டு பக்கமும் வருவதால் இதையும் சொல்கிறேன். ஃபானடெக் என்கிற கம்பெனியின் வீல்களில் பிளேஸ்டேஷனுக்கான சிப் மோட்டார் இருக்கும் பேஸில் இருக்கும், எக்ஸ்பாக்ஸுக்கானது கையில் பிடிக்கும் வீலில் இருக்கும். பிளேஸ்டேஷன் பேஸ் வாங்கி, அதில் எக்ஸ்பாக்ஸ் வீலை மாட்டினால் இரண்டிலும் ஓடும். நாளைக்கு எக்ஸ்பாக்ஸும் வாங்குகிற எண்ணம் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே யோசிக்கலாம்.

---

நான் டி300ஆர்எஸ் வைத்திருக்கிறேன். பெல்ட் என்பதால் பல்சக்கரக் கடகடப்பு இல்லை, வழுவழுவென்று சுற்றும். மேலே சொன்ன அந்த நடுத் தொய்வும் தெரியாது. வீல் பற்றி எனக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. பிரேக்கைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

ஒரு வருஷம் ஓட்டியும் என் லேப் டைம் ஒரே மாதிரி வராது. ஒரு சுற்று அற்புதமாக வரும், அடுத்த சுற்றில் அதே வளைவில் அகலமாகப் போய் மண்ணில் இறங்குவேன். வீலில் இன்னும் பலம் வேண்டும் போல என்று நினைத்து டைரக்ட் டிரைவ் வாங்கக் கிளம்பிவிட்டேன். அதற்கு முன் என் ரீப்ளேயை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். பிரேக் அளவு காட்டும் கோட்டை மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் அது வேறு வேறு உயரத்துக்குப் போய் வந்தது. கை எல்லாச் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

சாதாரண பெடல், நீங்கள் எவ்வளவு தூரம் மிதித்தீர்கள் என்பதை அளக்கும். லோட் செல் பெடல், எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை அளக்கும். காலுக்குத் தூரம் சரியாக நினைவில் நிற்காது, அழுத்தம் நிற்கும். நிஜக் காரிலும் பிரேக்கை அழுத்தத்தை வைத்துத்தான் பிடிக்கிறோம். அதனால் பேஸை அப்படியே வைத்துக்கொண்டு திரஸ்ட்மாஸ்டரின் டி-எல்சிஎம் என்கிற லோட் செல் பெடலை வாங்கினேன். டி300-இன் பேஸிலேயே நேராகச் செருகலாம், கன்சோலிலும் ஓடும். பிரேக்குக்கு ஆறு ஸ்பிரிங் தருகிறார்கள், 100 கிலோ வரை அளக்கும். ஆக்ஸிலேட்டரிலும் கிளட்சிலும் காந்த சென்சார், உரசித் தேய்கிற பாகம் இல்லை. என்னுடைய ரொம்பப் பழைய வீல் ஒன்றில் பெடலுக்குள் தூசி போய், காலை எடுத்த பிறகும் பிரேக் தானாகத் துள்ளும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

முதல் நாள் என்ன ஆனது தெரியுமா? பிரேக்கை மிதித்தேன், பெடல் அமுங்கவில்லை, நான் பின்னால் போனேன்! அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. பெடல் ஒரு பக்கம் வழுக்க, நாற்காலி ஒரு பக்கம் உருள, வளைவில் நேராகச் சுவருக்குள் போனது கார். ஒரு பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதில் பெடலை முட்டுக் கொடுத்தேன். நாற்காலியின் ஐந்து சக்கரங்களையும் ஐந்து பழைய ஷூவுக்குள் இறக்கினேன். பார்க்க எப்படி இருந்தாலும் அசையாது. காலணி இல்லாமல் ஓட்டுகிறவள் நான், இரண்டு வாரத்தில் குதிகால் வலி வந்தது. மெல்லிய அடி உள்ள ஷூ போட்டதும் சரியாகிவிட்டது.

மூன்றாவது வாரத்தில் வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே திருப்ப ஆரம்பித்தேன். எடை முன் டயரிலேயே நிற்கிறது, மூக்கு உள்ளே வருகிறது. இதைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், சாதாரண பெடலில் ஒரு நாளும் எனக்கு வந்ததில்லை. காரணம் எளிது. பாதி அழுத்தத்திலிருந்து கால் பாகத்துக்கு இறங்குவது எவ்வளவு என்று என் காலுக்கு இப்போதுதான் தெரிகிறது.

---

அக்கா சொன்ன பெடல், நாற்காலி அசையும் விஷயத்தை டைரக்ட் டிரைவ் பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். என்னிடம் ஃபானடெக்கின் ஜிடி டிடி ப்ரோ. அதன் டார்க், அதாவது வீலைத் திருப்பும் பலம், சாதாரணமாக 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் சப்ளை போட்டால் 8. நான் 8 போட்டேன். டிவி வைத்திருந்த அதே மேசையில் கிளாம்ப் செய்திருந்தேன். கர்பில் ஏறினால் மேசை ஆடும், டிவி ஆடும், கண்ணுக்கு ட்ராக்கே ஆடும். மோட்டார் அனுப்பிய நுணுக்கத்தில் பாதியை மேசை தின்றுவிட்டது. தனி ஸ்டாண்ட் வாங்கியதும்தான் அந்த வீல் என்னவென்றே எனக்குத் தெரிந்தது. காசைப் பிரித்தால் ஸ்டாண்டுக்கு முதல் பங்கு வையுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். கிரான் டூரிஸ்மோ 7-இல் டார்க் அளவு, சென்ஸிடிவிட்டி இரண்டும் 10 வரை போகும். இரண்டையும் ஏற்றி வைத்து, நீண்ட வேக வளைவில் வீல் கல் மாதிரி இறுகிப்போவதைப் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் தன் எல்லையைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் வரும் எதையும் காட்ட இடமிருக்காது. கர்ப், சிறு பள்ளம், டயர் நழுவுவது எல்லாம் ஒரே இறுக்கத்தில் மறைந்துவிடும். டார்க்கைப் படிப்படியாக இறக்கிக்கொண்டே வந்தேன். அந்த வளைவில் ரோட்டின் சொரசொரப்பு கைக்கு வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன்.

---

நான் ஹொரைசன் மட்டும் ஆடுகிறவன், எக்ஸ்பாக்ஸ். நேர்மையாகச் சொன்னால் பந்தயத்துக்குக் கண்ட்ரோலர்தான் கையில். சறுக்கல், ஹேண்ட்பிரேக், குறுக்கே வரும் வண்டி என்று அந்த கேமின் வேகத்துக்கு வீல் ஈடுகொடுப்பதில்லை. ஆனால் பந்தயம் முடிந்ததும் வீலை எடுப்பேன். உள்கேமரா, ராத்திரி, மழை, எங்கும் போகவேண்டிய அவசரம் இல்லாத ஒரு டிரைவ். ஜப்பான் என்று கேட்டதும் எனக்கு முதலில் மனதில் வந்தது ஒரு சின்ன கார், குறுகிய மலைப்பாதை, இரண்டாம் கியர்தான். அதற்கு 8 நியூட்டன் மீட்டர் தேவைப்படாது.

---

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு நேற்று ராத்திரியே நாற்காலிச் சக்கரங்களை ஷூவுக்குள் இறக்கினேன் அக்கா. ஐந்தாவது ஷூ கிடைக்காமல் அப்பாவின் செருப்பை மடித்து வைத்தேன். பெடலைச் சுவரில் முட்டுக் கொடுத்தேன். வீல் அதே ஜி29தான், அத்தான் இன்னும் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நார்ட்ஷ்லைஃபேயில் ஃபுக்ஸ்ரோரே பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஆடனவர் ஃபோர்ஸ்ட் வளைவுக்கு பிரேக் பிடிக்க வேண்டும். பத்து தடவை போனால் ஏழு தடவை புல்லுக்குப் போகிற இடம் எனக்கு. நேற்று தொடர்ந்து ஐந்து சுற்று ரோட்டிலேயே இருந்தேன். செலவு ஒன்றும் இல்லை.

அண்ணா, பெட்டியில் கன்சோல் பெயரைப் பார்த்துத்தான் வாங்குவேன். இப்போதைக்கு ஸ்டாண்ட் முதலில், அப்புறம் டி300-உம் டி-எல்சிஎம்-உம் என்று மனதில் போட்டு வைத்திருக்கிறேன். அக்கா, அந்த ஆறு ஸ்பிரிங்கில் நீங்கள் எதில் ஆரம்பித்தீர்கள்? மென்மையானதில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போனீர்களா, இல்லை முதல் நாளே கடினமானதைப் போட்டுவிட்டீர்களா?