ஆறாவது சுற்றோடு கீமோவை நிறுத்தியபோது

பகிர்வு 1: மகள், அங் மோ கியோ, சிங்கப்பூர்

என் தாயாருக்கு 64 வயது. மார்பகப் புற்றுநோய் கல்லீரலுக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிய பிறகுதான் தெரியவந்தது. திசுப் பரிசோதனையில், செல்லை வளரத் தூண்டும் ஹெர்2 புரதம் 3+, அதாவது மிக அதிகம், என்று வந்ததால், டோசிடாக்சல் என்ற கீமோ மருந்தோடு டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் என்ற இரண்டு இலக்கு மருந்துகளையும் சேர்த்து மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஏற்றினார்கள்.

முதல் நாள் பெர்டுசுமாப் பையில் 840 மில்லிகிராம் என்று எழுதியிருந்தது. இரண்டாம் முறை 420 என்றிருந்தது. மருந்தைப் பாதியாக்கிவிட்டார்களே என்று அம்மா பதறினார். அங்கிருந்த தமிழ்த் தாதி, வெறும் தொட்டியை நிரப்ப இரண்டு குடம் வேண்டும், பிறகு குறைந்ததை ஈடுகட்ட ஒரு குடம் போதும் என்று சொன்னதும் அடங்கினார். கீமோவுக்கு முன்பு கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை அவரைத் தூங்கவிடாது. விடியற்காலை மூன்று மணிக்குச் சமையலறையில் விளக்கெரியும். போய்ப் பார்த்தால் துவரம்பருப்பைத் தட்டில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். வயிற்றுப்போக்கைத்தான் எங்களிடம் மறைத்தார். நான்கு நாள் கழித்து, நாக்கு வறண்டு எழ முடியாமல் கிடந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பெர்டுசுமாப் சேரும்போது இது அடிக்கடி வருவதுதான் என்றும், முதல் நாளே சொல்லியிருந்தால் மாத்திரையிலேயே கட்டுப்படுத்தியிருக்கலாம் என்றும் மருத்துவர் கடிந்துகொண்டார்.

நான் எழுத வந்தது இவற்றைப் பற்றியன்று. ஆறாவது சுற்று முடிந்ததும் மருத்துவர் கீமோவை நிறுத்தப்போவதாக ஆங்கிலத்தில் விளக்கினார். உடன் சென்ற என் அண்ணன் அதில் பாதியைத்தான் தமிழில் சொல்லியிருக்கிறார். கைவிட்டுவிட்டார்கள் என்றே அம்மா எடுத்துக்கொண்டார். அன்றிரவு தம் இரண்டு வளையல்களையும் கைக்குட்டையில் முடிந்து, என் மகளின் பள்ளிப் பைக்குள் வைத்துவிட்டார்.

மறுநாள் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட பிறகே எனக்கு முழுதும் விளங்கியது. வேகமாகப் பிரியும் செல் எதுவானாலும் கீமோ தாக்கும். அதனால்தான் முடி உதிர்வதும் வாய்ப்புண் வருவதும் வெள்ளணுக்கள் குறைவதும் அதன் கணக்கில் சேர்கின்றன. டோசிடாக்சலை நீட்டிக்கொண்டே போனால் விரல் மரத்துப்போவதும் கால் வீங்குவதும் கூடிக்கொண்டே போகும். இலக்கு மருந்துகளோ ஹெர்2 புரதத்தின் இரு வேறு இடங்களைப் பற்றிக்கொண்டு, வளரச் சொல்லும் சமிக்ஞையைத் தடுப்பவை. நோய் மீண்டும் தலைதூக்காத வரை, உடலும் தாங்கும் வரை, அவற்றைத் தொடர்ந்து கொடுக்கலாம். கீமோ நோயைச் சுருக்கிக் கொடுக்கும், மற்ற இரண்டும் அதைப் பிடித்து வைத்திருக்கும் என்பதுதான் திட்டம். 808 பேர் பங்கேற்ற கிளியோபாட்ரா ஆய்வும் இந்த முறையில்தான் நடந்தது. அதில் டிராஸ்டுசுமாபும் டோசிடாக்சலும் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப்பேர் தாண்டிய காலம், 40.8 மாதம், பெர்டுசுமாபும் சேர்ந்தவர்களுக்கு 56.5 மாதம். இந்த எண்ணை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மருந்து நிற்கவில்லை, மூன்றில் ஒன்றுதான் ஓய்வெடுக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பகிர்வு 2: சிகிச்சை பெறுபவர், யீஷூன்

உங்கள் தாயாருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஒலி அலைப் பரிசோதனை எடுக்கிறார்களா என்று பாருங்கள். கீமோ நின்றுவிட்டதே, இனி இதயத்திற்கு என்ன என்று நான் அசட்டையாக இருந்தேன். உண்மையில் இதயத்தைக் கவனிக்கச் சொல்வது இலக்கு மருந்துகளுக்காகத்தான். தேக்கா சந்தையில் மேல்மாடிக்கு ஏறும்போது மூச்சு வாங்கியது. வயது என்று நினைத்தேன். எக்கோவில் இதயம் இரத்தத்தை வெளியேற்றும் அளவு 63 விழுக்காட்டிலிருந்து 47ஆக இறங்கியிருந்தது. இரண்டு மருந்துகளையும் உடனே நிறுத்தி வைத்தார்கள். அளவு தேறிய பிறகுதான் மீண்டும் தொடங்கினார்கள். டிராஸ்டுசுமாப் பற்றி 2001இல் வெளிவந்த ஆய்வில், ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு அதைச் சேர்த்துப் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு இதயக் கோளாறு வந்திருக்கிறது. இப்போது டோசிடாக்சல் போன்றவற்றை இணையாகத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆந்த்ராசைக்ளின் கொடுத்திருந்தார்கள். பழைய சிகிச்சைக் கோப்பை நான் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும்.

பகிர்வு 3: கணவர், ஜூரோங்

செலவைப் பற்றி ஒன்று. 2022 செப்டம்பர் முதல், வெளிநோயாளிப் புற்றுநோய் மருந்துகளுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி வேண்டுமானால், அம்மருந்து சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் இருக்க வேண்டும். மருந்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்த நிலைக்கு, எந்த மருந்தோடு சேர்த்து என்பதும் பொருந்த வேண்டும். கீமோ நின்று இலக்கு மருந்து மட்டும் தொடரும்போது கோரிக்கை எப்படிப் பதிவாகும் என்று மருத்துவச் சமூக ஊழியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டு, ரசீதைப் பார்த்துத் திகைத்தேன்.

பகிர்வு 1, தொடர்ச்சி

இருவருக்கும் நன்றி. அடுத்த எக்கோவுக்கு நாள் குறித்துவிட்டோம். அம்மாவுக்கு இப்போது இரண்டு மருந்துகளும் சேர்ந்த ஒரே ஊசியைத் தொடையில் போடுகிறார்கள். செலுத்த ஐந்து நிமிடம்தான் ஆகிறது. இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் மருந்து முழுதாக இறங்கியிருக்குமா என்று அதற்கும் சந்தேகப்படுகிறார். வளையல்களை என் மகள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் அணிந்திருக்கிறார்.