இணுவில் வீடு (குடும்பக் குழு)

2025 டிசம்பர் 9, மாலை

அம்மா: அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபரோடு சத்தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். இனிப் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதுவார்களா?

அப்பா: நான் கேட்டது நியாயம்தான். தவணைக்குத் தவணை கட்டுவது என்றுதான் கையெழுத்து வைத்தோம். இந்தத் தவணைக் காசு முழுதும் கட்டியாச்சு. இப்ப ஜூலை வரைக்கும் மொத்தமாகக் கட்டினால்தான் யூகாஸுக்கு, அதுதான் பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற இடத்துக்கு, பரிந்துரை போடுவார்களாம்.

பெரியமாமா (லண்டன்): பள்ளிக்கூடம் ஊகித்துக் கொடுக்கிற பிரெடிக்டட் கிரேட் என்ன போட்டார்கள்?

நான்: இரசாயனவியலுக்கு பி, மாமா. நான் தெரிவு செய்த ஐந்து பல்கலைக்கழகங்களில் மூன்று, அதற்கு ஏ கேட்கின்றன.

அண்ணா: லண்டன் ஏ லெவலுக்குப் பதிலாக உள்ளூர் உயர்தரம் எடுத்திருந்தால், பரீட்சைப் புள்ளிகளில் கணிக்கிற இசட் புள்ளிதான் பல்கலைக்கழகத்துக்கு முடிவு. எந்த அதிபரிடமும் போய் நிற்கத் தேவையில்லை.

அம்மா: தம்பி, அது முடிந்த கதை. இப்ப கிளறாதே.

அப்பா: கல்வித் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன்.

சித்தி: அத்தான், அங்கே போய்ப் பிரயோசனம் இல்லை. பிள்ளை படிக்கிறது மாதிரியான சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தில் பதிந்தவை. 1961 சட்டம் புதிய தனியார் பள்ளிக்கூடங்களைத் தடுத்ததால் வந்த வழி அது. நான் படிப்பிக்கிற அரசாங்கப் பள்ளிக்கூடம்போல வலயக் கல்விப் பணிப்பாளரின் கீழ் அவை வருவதில்லை. நீங்கள் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் இருக்கிறதே, அதைப் பிடியுங்கோ.

அப்பா: அப்போ சட்டத்தரணியிடம் போகிறேன்.

பெரியமாமா (லண்டன்): போகலாம் மச்சான், ஆனால் யூகாஸின் கடைசி நாளான ஜனவரி 14 அதற்காகக் காத்திருக்காது. இங்கே மாலை 6 மணி, உங்களுக்கு இரவு 11.30. அதற்குப் பிறகு போனால் இடமிருந்தால்தான் பார்ப்பார்கள். இடையில் கிறிஸ்மஸ் விடுமுறை வேறு.

சித்தி: காசையும் கிரேட்டையும் ஒரே கடிதத்தில் எழுதாதீர்கள். எழுதினால் பேச்சு முழுக்கக் காசிலேயே நின்றுவிடும். நானும் படிப்பிக்கிறவள். கட்டணத்தைக் காட்டிப் பிள்ளையின் பரிந்துரையை மறித்து வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

பெரியமாமா (லண்டன்): மகள், இரசாயனவியலில் எழுதி முடித்த யூனிட் 1, 2, 3 எவ்வளவு வந்தது?

நான்: 300க்கு 251.

பெரியமாமா (லண்டன்): 240 எடுத்தாலே ஏ. அது பரீட்சை நடத்துகிற எட்எக்செல் தந்த பெறுபேறு, ஒருவருடைய ஊகமும் இல்லை. பள்ளிக்கூடம் ஊகிக்க வேண்டியது 4, 5, 6ஐ மட்டும்தான்.

நான்: மாதிரிப் பரீட்சையில் யூனிட் 4 குறைந்துபோனது. டெங்கு வந்து எழும்பின கையோடு எழுதினது. அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

சித்தி: ஆஸ்பத்திரித் துண்டு இருக்குதுதானே? அதையும் பெறுபேற்றுத் தாளோடு கொண்டு போ.

பெரியமாமா (லண்டன்): அவர்கள் அசையாவிட்டால் யூகாஸில் தனி விண்ணப்பதாரியாகவும் போடலாம். உன் படிப்பை அறிந்த வேறொரு ஆசிரியர் பரிந்துரை எழுதலாம். சொந்தக்காரர் எழுதக் கூடாது, ஆகவே சித்தி சரிவராது. பரீட்சைக்கும் பிரிட்டிஷ் கவுன்சிலில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகப் பதிய வழி இருக்கிறது.

அம்மா: கடைசி வருஷத்தில் பிள்ளையை வெளியே எடுப்பதா? எனக்கு நெஞ்சு படபடக்குது அண்ணை.

பெரியமாமா (லண்டன்): எடுக்கச் சொல்லவில்லை தங்கச்சி. வேறு வழி இருக்கிறது என்று தெரிந்தால் பயப்படாமல் கதைக்கலாம்.

நான்: இரசாயன ஆசிரியர் நல்லவர். எனக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். நாளைக்கு நானே கதைக்கிறேன். அப்பா, நீங்கள் வர வேண்டாம், ப்ளீஸ்.

அப்பா: தனியாகக் கதைப்பாயா?

நான்: ஓம் அப்பா.

அப்பா: சரி மகள். கட்டணக் கடிதத்தை நான் எழுதுகிறேன். அனுப்ப முதல் சித்தி ஒருக்கா பார்க்கட்டும்.

சித்தி: மின்னஞ்சலிலேயே அனுப்புங்கோ. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று திகதி போடுங்கோ. ஒப்பந்தத்தில் தவணைக் கட்டணம் பற்றி இருக்கிற பக்கத்தையும் பற்றுச்சீட்டையும் சேர்க்க வேணும்.

அண்ணா: இரண்டும் அலுமாரிக்குள் இருக்குது. இப்பவே படம் எடுத்துப் போடுகிறேன்.