தாத்தா சொன்னது "அடுத்தாள்", கணினி எழுதியது "அடுத்த நாள்": பழைய கேசட்டை எழுத்தாக்க வழி உண்டா?

அச்சுக்கடை (ரங்கூன்)

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூனில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் 90 நிமிடக் கேசட் ஒன்று இருக்கிறது. 1987-இல் தாத்தாவை உட்காரவைத்து மாமா பதிவு செய்தது. தாத்தா ஜப்பான் சண்டைக்கு முன்னால் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (பணப்பெட்டிப் பக்கத்தில் எடுபிடியாக) இருந்தவர். இப்போதைய ஷ்வேபொன்தா தெருதான் அந்த மொகல் தெரு.

கேசட்டை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றிவிட்டேன். பேச்சை எழுத்தாக்கும் இலவச நிரல் ஒன்றில் போட்டேன். கரண்ட் வருகிற நேரமாகப் பார்த்து மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். வந்ததைப் படித்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "மொகல் தெரு" எல்லாம் "முதல் தெரு" ஆகிவிட்டது. "ஹென்சடாவில் நெல் வாங்க" என்று ஊர்ப் பெயரோடு தாத்தா சொன்னது "என் சடையில் நெல் வாங்க" என்று வந்திருக்கிறது. தாத்தாவுக்குத் தலையில் முடியே கிடையாது. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் "பார்த்ததற்கு நன்றி" என்று வேறு எழுதியிருக்கிறது!

இதையெல்லாம் திருத்திவிடலாம். பயமாக இருப்பது வேறு ஒன்று. தாத்தா சொன்னது: "மேலாள் ஊருக்குப் போனால் அடுத்தாள்தான் பெட்டி திறப்பார்." (மேலாள் கடையை நடத்துபவர், அடுத்தாள் அவருக்கு அடுத்தவர்.) கணினி எழுதியது: "மேலாள் ஊருக்குப் போனால் அடுத்த நாள்தான் பெட்டி திறப்பார்." படித்தால் தப்பே தெரியவில்லை. கடை ஒரு நாள் மூடியிருக்கும் போல என்றுதான் நானும் நினைத்தேன். ஒலியைத் திரும்பக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. இந்த மாதிரி இன்னும் எத்தனை ஒளிந்திருக்கிறதோ. யாராவது வழி சொல்லுங்கள்.

டேப்காரன் (பெகு)

அண்ணே, நிரலைத் திட்டுவதற்கு முன்னால் கேசட் சரியான வேகத்தில் ஓடியதா என்று பாருங்கள். கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பழைய பிளேயரில் பெல்ட்டும் மோட்டாரும் தளர்ந்து போனால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். தாத்தா குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்கிறதா?

மாமா பதிவு செய்தபோது டேப் ரேடியோவைப் பிளக்கில் சொருகியிருந்தால் ஒலியின் அடியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் இருக்கும். அதுதான் கரண்ட் சத்தம். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த நிரலில் தாத்தா பேசாத ஒரு துண்டை வெட்டி அலைவரிசைப் படம் போட்டால் 50-இலும் 100-இலும் முள் மாதிரி நிற்கும். 50-க்குப் பதில் 53-இல் நின்றால் 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம், அந்த அளவு குறைத்துவிடுங்கள். நாம் திட்டுகிற கரண்டே இங்கே அளவுகோல்! (ஜெனரேட்டரில் பதிவு செய்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது.)

அப்புறம், ஹெட் (கேசட்டைப் படிக்கும் முனை) பக்கத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும். கேசட் ஓடும்போது அதைக் கால் சுற்று அப்படி இப்படித் திருப்பிப் பாருங்கள். "ச", "ஸ" ஒலிகள் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்தி, மறுபடி முழுசாக ஏற்றுங்கள். இரைச்சல் நீக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது தாத்தாவின் மெய்யெழுத்துகளையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

அச்சுக்கடை (ரங்கூன்)

பிளக்கில்தான் சொருகியிருந்தாராம், மாமாவிடம் கேட்டுவிட்டேன். முள் 53-க்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது தம்பி! லேசர் ஒளியால் பழைய இசைத்தட்டைப் படிக்கிறார்களாமே, கேசட்டுக்கும் அது ஆகுமா?

ஒலிக்காரி (ரங்கூனில் பிறந்து இப்போது சிங்கப்பூர்)

லேசர் கேள்விக்கு முதலில் பதில்: ஆகாது அண்ணா. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற துகள் இயற்பியலாளர், துகள் உணரும் கருவிகளை அளக்கப் பயன்பட்ட ஒளி முறையை இசைத்தட்டின் பள்ளத்தின் மேல் திருப்பினார். ஊசி படாமலே பள்ளத்தின் வடிவத்தைப் படம் பிடித்து ஒலியாக மாற்றிவிடலாம். 1860-இல் புகைக்கரி பூசிய தாளில் பிரான்சில் ஒருவர் வரைந்துவைத்த ஒலிக்கோட்டை 2008-இல் அந்த ஆய்வகத்தில்தான் பாடவைத்தார்கள். கேசட்டில் பள்ளம் கிடையாது, காந்தம்தான். உங்கள் பிளேயரே போதும்.

இப்போது "அடுத்த நாள்" விஷயம். நான் பேச்சுத் தொழில்நுட்பத்தில்தான் வேலை செய்கிறேன். இந்த நிரல்கள் காதால் கேட்டதை மட்டும் எழுதுவதில்லை. இந்த இடத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்ற யூகமும் கலந்துதான் எழுதுகின்றன. "அடுத்த நாள்" லட்சம் தடவை பார்த்த சொல். வட்டிக்கடை "அடுத்தாள்" அவை பார்த்தே இராத ஆள். ஒரு கணக்குச் சொல்கிறேன். 2022-இல் வந்த விஸ்பர் என்ற எழுத்தாக்கும் நிரலுக்கு இணையத்தில் திரட்டிய 6,80,000 மணி நேர ஒலியைப் புகட்டினார்கள். ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்து அதில் 1,17,000 மணிதான். அந்தப் பங்கிலும் மொகல் தெருத் தமிழ் எங்கே இருக்கப்போகிறது? மௌனத்தில் "நன்றி" சொல்வதும் இதே நோய்தான், வீடியோக்களின் துணைவரிகளில் பழகிய வாய். மௌனத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

விஸ்பரில் முன்குறிப்பாகச் சில சொற்களைத் தர முடியும்: மேலாள், அடுத்தாள், மொகல் தெரு, ஹென்சடா என்று. ஆனால் 224 துணுக்குகள்தான் (சொல்லை நிரல் உடைத்துப் படிக்கும் சிறு துண்டுகள்) கொள்ளும், தமிழ் எழுத்துக்கோ துணுக்கு நிறையச் செலவாகும். அதனால் ஊர்ப் பெயர்களையும் கடைச் சொற்களையும் மட்டும் போடுங்கள். நிரலைப் புதிதாகப் பழக்குகிற வேலையெல்லாம் 90 நிமிடத்துக்குத் தேவையில்லை. கணினி எழுதியதை நேரக் குறிப்போடு வைத்துக்கொண்டு, காதில் கேட்டு நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இந்தத் துறையில் சம்பளம் வாங்குகிறவள் இப்படிச் சொல்லக்கூடாதுதான்.

வட்டிக்கணக்கு (மாந்தலே)

வட்டிக்கடைப் பேச்சு வந்ததால் ஒன்று. பேச்சை எழுத்தாக்கும் கணக்கும் பணக் கணக்கும் நெருங்கிய சொந்தம்தான். ஐபிஎம்மில் பேச்சு ஆய்வு செய்துகொண்டிருந்த பீட்டர் பிரவுனையும் ராபர்ட் மெர்சரையும் 1993-இல் ஜிம் சைமன்ஸின் ரெனசான்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் இழுத்துக்கொண்டது. இரைச்சலுக்குள் அடுத்த சொல்லைத் தேடியவர்கள் அங்கே போய் அடுத்த விலையைத் தேடினார்கள். அண்ணே, தாத்தா நடப்பு வட்டி பற்றி ஏதாவது சொல்கிறாரா? மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் கூடித்தான் அதை முடிவு செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இருந்தால் அந்தத் துண்டை மட்டுமாவது இங்கே போடுங்கள்.

அச்சுக்கடை (ரங்கூன்)

சொல்கிறார். "தவணை வட்டி" என்றும் சொல்கிறார், கணினி அதைத் "தவளை வட்டி" என்று எழுதியிருந்தது.

வேகத்தைக் குறைத்து, திருகைத் திருப்பி, சொற்களையும் முன்னால் கொடுத்து நேற்று ராத்திரி மறுபடி ஓட்டினேன். அடுத்தாள் வந்துவிட்டார். ஹென்சடாவும் சடையிலிருந்து இறங்கிவிட்டது. வேகம் சரியானதும் குரல் தாத்தா குரலாகவே ஆகிவிட்டது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார், அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

ஒரே ஓர் இடம் மட்டும் எனக்கும் புரியவில்லை, கணினிக்கும் புரியவில்லை. வசூலுக்குப் போன கதை சொல்லும்போது வருகிறது. கணினி எழுதியது: "விடிகாலையில் சம்பளத்தில் தள்ளாடிப் போனோம்." தாத்தா குடிக்காதவர். துண்டை இணைத்திருக்கிறேன், பெரியவர்கள் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

மோல்மேன் பெரியவர்

தம்பி, நாலு தடவை கேட்டேன். "சம்பானில் டல்லாவுக்குப் போனோம்." ஆற்றுக்கு அக்கரை டல்லாதான், துடுப்புப் படகில் போயிருக்கிறார்கள். பின்னால் தண்ணீர்ச் சத்தம் மாதிரி கேட்கிறதே, அது என்ன?

அச்சுக்கடை (ரங்கூன்)

ஐயா, அது பாட்டி பாத்திரம் கழுவுகிற சத்தம்.