நம்ம வீடு குழு: ஒட்டுக்கேட்டா தெரிஞ்சிடுமா?

மாமா: மீனா, ஒரு பார்வர்டு வந்திருக்கு. குவாண்டம் சாவி வந்துட்டா யாராலயும் ஒட்டுக்கேட்கவே முடியாதாம். நிஜமா?

மீனா: ஒட்டுக்கேட்கலாம் மாமா. ஆனா கேட்டா மாட்டிக்குவாங்க. குவாண்டம் சாவின்னா, செய்தியைப் பூட்டுறதுக்கான ரகசிய 0, 1 வரிசையை ஒளி வழியா அனுப்புறது.

கார்த்தி: எப்படிக்கா? கேபிள்ல நடுவுல கை வெச்சா யாருக்குத் தெரியும்?

மீனா: ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒரு 0 இல்லன்னா 1, ஒரே ஒரு போட்டான்ல, அதாவது ஒளித்துகள்ல போகுதுடா. அதுல பாதியைப் பிச்சு எடுக்க முடியாது. என்ன நிலைன்னு தெரியாத போட்டானை அச்சு அசலா நகலும் எடுக்க முடியாது, இயற்கையே விடாது.

மீனா: அனுப்புறவர் ஒளி அதிர்ற திசையைச் சில போட்டான்ல நேரா, சிலதுல சாய்வா வெச்சு அனுப்புவார். எதை எப்படின்னு முன்கூட்டி யாருக்கும் தெரியாது. வாங்குறவரும் கண்ணை மூடிக்கிட்டு நேராவோ சாய்வாவோ அளப்பார். அப்புறம் போன்லயே "நான் இதை நேரா வெச்சேன்"னு மட்டும் பேசிக்குவாங்க. 0வா 1ஆன்னு மூச்சு விட மாட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி வெச்ச பிட்டுகள்தான் சாவி. சுமார் பாதி வீணாப் போயிடும்.

சித்தி: நடுவுல ஒருத்தன் பார்த்தா?

மீனா: அவனும் குத்துமதிப்பாத்தானே சித்தி அளக்கணும்! தப்பா அளந்தா போட்டானோட நிலையே மாறிடும். எல்லாத்தையும் அளந்து திருப்பி அனுப்பினான்னா, ஒத்துப்போக வேண்டிய பிட்டுகள்ல 100க்கு 25 தப்பா வரும். கொஞ்சம் பிட்டை ஒப்பிட்டாலே குட்டு வெளிப்பட்டுடும். அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுடுவாங்க.

சித்தி: ஓ! சாவி முதல்ல, கடிதம் அப்புறமா. அப்போ ரகசியம் அவன் கைக்கே போகலை.

மீனா: அதேதான் சித்தி ❤️

மாமா: யாரு யோசிச்சாங்க இதை?

மீனா: சார்லஸ் பென்னட்டும் ஷில் பிராசாரும். 1984ல பெங்களூர்ல நடந்த மாநாட்டுலதான் மாமா சொன்னாங்க! வகுப்புல இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கார்த்தி: நம்ம நாட்டுல செஞ்சு பார்த்திருக்காங்களா?

மீனா: 2022 பிப்ரவரியில நம்ம பாதுகாப்புத்துறை ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் உத்தரப் பிரதேசத்துல பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் நடுவுல 100 கிலோமீட்டருக்கு மேல செஞ்சு காட்டினாங்க. புதுசா எதுவும் இழுக்கலை, ஏற்கெனவே கிடந்த ஃபைபர் கேபிள்தான்.

மாமா: அப்போ பார்வர்டு சரிதான்?

மீனா: முழுசா இல்லை மாமா. கணக்குல ஓட்டை இல்லை, அதைச் செய்யுற கருவிப் பெட்டியில இருக்கலாம். 2010ல ஆய்வாளர்கள் பளிச்சுனு வெளிச்சம் அடிச்சு, போட்டானைப் பிடிக்கிற கருவியையே குருடாக்கிச் சாவியை எடுக்கலாம்னு காட்டினாங்க. அதோட, அந்தப் பக்கம் பேசுறது உண்மையிலேயே நம்ம ஆள்தானான்னு தனியா உறுதி பண்ணிக்கணும். அதை போட்டான் பார்த்துக்காது.

மாமா: சரிம்மா. "முடியவே முடியாது"ங்கிற வரியை எடுத்துட்டு, நீ சொன்னதைச் சேர்த்து அனுப்புறேன்.

சித்தி: ஞாயித்துக்கிழமை வர்றப்போ அந்த நேரா சாய்வா சமாச்சாரத்தைப் பேப்பர்ல வரைஞ்சு காட்டு மீனா.